தெத்துப்பல்லும் பத்துப் படங்களும்

வரிசையை விட்டு மேலே ஏறி நிற்கும் பல் தெத்துப்பல். மொத்த முன்வரிசையும் துருத்திக்கொண்டிருந்தால் எத்துப்பல். முதலாவதை 'களையா இருக்கு' என்போம், இரண்டாவதுக்குப் பட்டப்பெயர் வைத்து ஓட்டுவோம். நம்ம ஊர்த் தீர்ப்பில் நியாயம் கிடையாது, ஆனால் இரண்டும் வேறு என்று அதற்குத் தெரிந்திருந்தது. இன்று கள்ளக்குறிச்சியில் கண்ணில் படும் பல் சீரமைப்பு விளம்பரங்களுக்கு அது தெரியவில்லை. 'முன்', 'பின்' என்று இரண்டு படம், அவ்ளோதான். 'முன்' படத்தில் இருப்பது நோயா, வெறும் தோற்றமா என்று எந்தப் பலகையும் சொல்வதில்லை.

அதைப் பிரித்துச் சொல்ல ஒரு கருவி இருக்கிறது. 1899இல் எட்வர்ட் ஆங்கிள் கடிவாய்ப் பற்களை வைத்து மூன்று வகை பிரித்தார். அது வகையைச் சொல்லும், யாருக்குச் சிகிச்சை தேவை என்பதைச் சொல்லாது. அந்தக் குறையைத் தீர்க்க 1989இல் புரூக், ஷா என்ற இருவர் பிரிட்டனில் தேவைக் குறியீடு ஒன்றை வெளியிட்டார்கள். உடல்நலத்துக்கு ஐந்து நிலைகள், தோற்றத்துக்குப் பத்துப் புகைப்படங்கள்.

முதல் பாதி எனக்கு ரொம்பப் பிடிக்கும். நல்ல ஸ்பெக் மாதிரி எழுதியிருக்கிறார்கள். மேல் முன்பற்கள் 9 மில்லிமீட்டருக்கு மேல் துருத்தினால் ஐந்தாம் நிலை, 6க்கு மேல் என்றால் நான்கு. அதற்குக் காரணமும் உண்டு: கீழே விழும் குழந்தைக்கு முதலில் உடைவது அந்தப் பல்தான். உதட்டுப் பிளவும், முளைக்க வழியில்லாமல் எலும்புக்குள் மாட்டிய பல்லும் ஐந்தாம் நிலை. இங்கே கிளிப் ஆடம்பரமே இல்லை.

இரண்டாம் பாதிதான் உதைக்கிறது. பத்துப் படமும் நேர் எதிரே நின்று எடுத்தவை. எத்துப்பல் பக்கவாட்டில்தானே தெரியும்? நம் பக்கம் அதிகம் காணும், மேலும் கீழும் சேர்ந்து துருத்தும் வாய் அந்தப் படங்களில் கிட்டத்தட்ட தப்பித்துவிடும். தெத்துப்பல்லோ பளிச்சென்று மாட்டிக்கொள்ளும். அதாவது கேலிக்கு ஆளாகிற பிள்ளையைவிட, ஊரே ரசிக்கிற பிள்ளைக்கு 'தேவை' கூடுதலாகத் தெரியலாம். பிரிட்டனில் சிலரைக் கேட்டு வரிசைப்படுத்திய படங்கள் அவை. யூசர் மாறினால் டெஸ்ட்டும் மாற வேண்டாமா?

குறுந்தொகையைப் புரட்டுங்கள். அங்கே நாயகியின் பல் முள்போலக் கூர்மையானது, அதுவே புகழ்ச்சி. இன்றைய 'ஸ்மைல் டிசைன்' அந்தக் கூர்மையைத்தான் ராவி எடுக்கிறது. ராவிய எனாமல் திரும்ப வளராது. சங்கப் புலவர் சொன்னதே சரி என்று நான் வாதாட வரவில்லை. அழகுக்கு அளவுகோல் ஒன்றே ஒன்று என்ற பேச்சு நிற்காது என்கிறேன்.

'வரிசையா இல்லேன்னா சொத்தை வரும்' என்று ஒரு பயமுறுத்தலும் உண்டு. பல்லை நேராக்கினால் சொத்தை குறையும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. துலக்கினால் குறையும் என்பதற்கு நிறையவே இருக்கிறது.

இத்தனை குறை இருந்தும் அந்தக் குறியீடு இங்கே வந்தாக வேண்டும் என்பேன். பிரிட்டனில் அரசு செலவில் யாருக்குக் கிளிப் என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். இங்கே முடிவு செய்வது பர்ஸ். நகரத்தில் இரண்டாம் நிலைப் பல்லுக்குத் தவணை கட்டிக் கிளிப் மாட்டுகிறோம். கல்வராயன் மலையில் ஐந்தாம் நிலையோடு ஒரு பிள்ளை இருந்தால் என்ன வழி? தமிழக அரசின் பல் மருத்துவக் கல்லூரிகளில் பக்கத்தில் இருப்பது சிதம்பரம். கள்ளக்குறிச்சியிலிருந்தே 100 கிலோமீட்டருக்கு மேல். வெள்ளிமலையிலிருந்து என்றால் அதற்கு முன் கச்சிராயபாளையத்துக்கு மலைப்பாதையில் இறங்க வேண்டும். கிளிப் என்பது ஒருநாள் வேலையும் இல்லை. ஒன்றரை, இரண்டு வருஷம், மாதம் ஒருமுறை முடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கூட வருகிறவருக்கு ஒருநாள் கூலி போகும். முடிந்த பிறகும் ரீடெய்னர் போடாவிட்டால் பல் பழைய இடத்தைத் தேடிப் போகும். இதையும் 'பின்' படம் சொல்வதில்லை.

அடுத்தமுறை கிளிப் போடச் சொன்னால், 'இது எத்தனையாவது நிலை டாக்டர்?' என்று கேட்டுப் பாருங்க.