பஞ்சத்தில் எழுந்த பாட்டும் கொடையும்

மாயூரம் வேதநாயகம் பிள்ளையை (1826–1889) நாம் நாவலாசிரியராகவே நினைவில் வைத்திருக்கிறோம். 1879-இல் வெளிவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தமிழின் முதல் நாவல் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். கத்தோலிக்கராகிய அவர் அதற்கு முந்திய ஆண்டில் வெளியிட்ட 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள்' அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்நூலின் பஞ்சப் பாடல்கள் ஈகையைப் பற்றி நமக்குச் சொல்வது என்ன என்பதே இங்கு நம் கேள்வி.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டியது தாது வருஷப் பஞ்சம். மாண்டவர் ஐம்பது லட்சத்துக்கும் அதிகம் என மதிப்பிடுகின்றனர். முன்சீப் பதவியிலிருந்து ஓய்வுபெற்று மாயூரத்தில் வாழ்ந்த பிள்ளை, தம் பொருளைப் பசித்தோர்க்கு வாரி வழங்கினார். பஞ்சம் தீர இறைவனை இரந்து பாடவும் செய்தார்.

இப்பாடல்களில் இரண்டு பண்புகள் நம் கவனத்துக்கு உரியன. முதலாவது, நூலின் பெயருக்கு ஏற்ப, எச்சமயத்தாரும் தம் இறைவனை எண்ணிப் பாடத்தக்க மொழியில் இவை அமைந்துள்ளன. பசி சமயம் பாராது வந்தது. மன்றாட்டும் சமயம் பாராது எழுந்தது. இரண்டாவது, பாடுபவர் இங்கே கொடையாளராக நிற்கவில்லை. பசித்தவர் வரிசையில் தாமும் ஒருவராக நின்று வேண்டுகிறார். அவருடைய கொடையின் புகழை நமக்குச் சொல்வது மற்றொருவரின் கீர்த்தனை. நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார், சைவராகிய அவர், பிள்ளையின் வண்மையை வியந்து அவரை மேருவாகப் போற்றினார். வலக்கை செய்வதை இடக்கை அறியாதிருக்கட்டும் என்னும் நற்செய்திப் போதனைக்கு இதனினும் நல்ல இலக்கிய உரை நமக்குத் தெரியவில்லை.

எனினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதே 1877-இல் நிவாரண வேலை செய்தோரின் தினப்படி ஒரு ராத்தல் தானிய அளவுக்குக் குறைக்கப்பட்டது. மக்கள் மடிந்துகொண்டிருக்கையில் நாட்டிலிருந்து தானியம் கப்பலேறிற்று. கீர்த்தனை மன்றாடத் தகுந்த வடிவம். கணக்குக் கேட்கத் தகுந்த வடிவமன்று. ஆதலால் பஞ்சத்தின் துயரைப் பாடும் இப்பாடல்களில் பஞ்சத்தின் காரணங்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஈகை நீதியின் இடத்தை நிரப்பிவிடாது என்பதை இவற்றைப் படிக்கையில் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

படப்பையிலும் தாம்பரத்திலும் வாழும் நமக்கு இவை பழங்கதையல்ல. 2015 டிசம்பரில் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது, சோற்றுப் பொட்டலத்தை நீட்டிய கை எச்சமயத்தது என்று எவர் கேட்டார்? அந்நாள்களில் பிள்ளையின் கீர்த்தனையைப் படிக்காமலே பலர் அதன்படி வாழ்ந்தனர். வெள்ளம் வடிந்தபின் நம் பழைய வழக்கம் திரும்பிவிட்டது. ஆலயத்துக்கு ஒரு குழல்விளக்குக் கொடுத்தால், 'உபயம்' என்று தொடங்கிக் குடும்பத்தார் பெயரனைத்தையும் அதன்மேல் எழுதுகிறோம்; எழுத்து நீள நீள வெளிச்சம் குறைகிறது. ஒரகடத்து ஆலைகளை நம்பி வடமாநிலங்களிலிருந்து வந்து, நம் தெருக்களில் ஓர் அறையில் பலராய்த் தங்கியிருக்கும் தொழிலாளிக்குச் செய்யும் உதவியில் பெயர் பொறிக்க இடமில்லை. அதனால்தானோ அவர் நம் கண்ணில் படுவதில்லை! அவருக்கு நாம் தரவேண்டியதில் நியாயமான வாடகையும் உரிய கூலியும் அடங்கும். அவற்றைத் தந்த பின்னரே ஈகையைப் பற்றிப் பேசத் தகும்.

காணிக்கைப் பெட்டியில் இரு காசு இட்ட ஏழைக் கைம்பெண்ணின் பெயரை நற்செய்தியாளர் எவரும் எழுதி வைக்கவில்லை. நம் பங்குகளில் திருவிழா நன்கொடையாளரின் பெயர்ப்பட்டியலை ஒலிபெருக்கியில் வாசிக்கும் அந்நேரத்தை, பிள்ளையின் பஞ்சப் பாடல் ஒன்றைப் பாடுவதற்கு ஒதுக்கலாம். பாடகர் குழுவினர் அதைப் பயிலட்டும். பட்டியலை அலுவலகக் கணக்கேட்டில் எழுதி வைத்தால் போதும்.