சுருதி விலகிய ஊதல்

பெர்சி ஸ்லெட்ஜின் ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’ முடியப்போகும் நேரத்தில் பின்னால் எழும் ஊதுவாத்தியங்களை மட்டும் கவனித்துக் கேளுங்கள். சுருதி சேரவில்லை. அமெரிக்கச் சோல் இசையின் மிகப் பெரிய காதல் பாட்டு, அந்தக் குறையோடுதான் 1966இல் வெளிவந்தது.

அலபாமாவின் வடமேற்கு மூலையில், டென்னசி ஆற்றோரம் மசல் ஷோல்ஸ், ஷெஃபீல்ட், ஃப்ளாரன்ஸ், டஸ்கம்பியா என்று ஒட்டி ஒட்டி நான்கு ஊர்கள். அங்கே ரிக் ஹாலின் ஃபேம் ஸ்டூடியோவில் 1964இல் ஜிம்மி ஹியூஸ் பாடிய ‘ஸ்டீல் அவே’, கறுப்பின தேவாலயங்களின் நிதானமான நடையைக் காதலுக்கு, அதுவும் கள்ளக் காதலுக்கு, இழுத்து வந்திருந்தது. ஸ்லெட்ஜ் அந்தப் பக்கத்து லெய்டன் ஊர்க்காரர். மருத்துவமனையில் எடுபிடி ஊழியர். வார இறுதிகளில் எஸ்கொயர்ஸ் என்ற குழுவில் பாடுவார். ஷெஃபீல்டில் இசைத்தட்டுக் கடை வைத்திருந்த வானொலி அறிவிப்பாளர் குவின் ஐவி, நொராலா என்ற சிறு ஸ்டூடியோவையும் நடத்திவந்தார். பதிவு அங்கேதான் நடந்தது.

பாடியவர் கறுப்பர், வாசித்தவர்கள் வெள்ளையர்கள். வாக்குரிமை கேட்ட கறுப்பினத்தவரின் செல்மா ஊர்வலத்தில் போலீஸ் தடியடி விழுந்து ஓராண்டுகூட ஆகாத அலபாமா அது. ஸ்பூனர் ஓல்டம் ஃபார்ஃபிசா ஆர்கனில் பிடித்த நீண்ட சுரங்களும், ரோஜர் ஹாக்கின்ஸின் அவசரமே இல்லாத டிரம்ஸும், படிப்படியாக இறங்கும் பேஸும் சேர்ந்து ஒரு கோயில் மண்டபத்தையே கட்டிவிடுகின்றன. அதற்குள் ஸ்லெட்ஜ் ஏறக்குறைய கதறுகிறார். யாரோ ஓர் ஆணைப் பற்றிப் படர்க்கையில் தொடங்கும் பாட்டு, போகப் போகத் தன்மைக்கு வழுக்கி விழுகிறது. என் கணக்கில், பாட்டின் உயிர் அந்த வழுக்கலில்தான் இருக்கிறது. பெண்ணைப் புகழும் பாட்டு என்று நினைத்துத் திருமணங்களில் இதைப் போடுகிறவர்கள், ஏமாற்றப்படுவோம் என்று தெரிந்தே சரணடையும் ஒருவனின் புலம்பலைத்தான் போடுகிறார்கள்.

ரிக் ஹால் சொல்லி, நியூயார்க்கின் அட்லாண்டிக் நிறுவனத்து ஜெரி வெக்ஸ்லர் பாட்டை வாங்கினார். ஊதல் சரியில்லை, மறுபடி பதிவுசெய்யுங்கள் என்றார். செய்தார்கள். ஆனால் நாடாக்கள் இடம் மாறிப் பழையதே அச்சேறிவிட்டது என்பது இசை வட்டாரத்தில் வழங்கும் கதை. மே மாதம் பில்போர்டின் பாப், ஆர் அண்ட் பி பட்டியல்கள் இரண்டிலும் அது முதலிடம் பிடித்தது. அட்லாண்டிக்குக்கு முதல் தங்கத்தட்டும் அதுவே. அடுத்த ஜனவரியில் வெக்ஸ்லர் அரீதா ஃபிராங்க்ளினை அதே மசல் ஷோல்ஸுக்கு அழைத்து வந்ததற்கு இந்த வெற்றியும் ஒரு காரணம்.

காசு விஷயம் வேறு. பாட்டை இயற்றியவர்களாகப் பதிவானவர்கள் எஸ்கொயர்ஸ் குழுவிலிருந்த கால்வின் லூயிஸும் ஆண்ட்ரூ ரைட்டும். மெட்டு என்னுடையது, உரிமையை நானே அவர்களுக்குக் கொடுத்துவிட்டேன் என்று ஸ்லெட்ஜ் கடைசிவரை சொல்லிவந்தார். உண்மை எதுவானாலும், பிறர் இதைப் பாடும்போதெல்லாம் இயற்றியவர்களுக்கான ராயல்டியில் அவருக்குப் பங்கில்லை. பிறர் பாடாமலும் இல்லை. ‘தி ரோஸ்’ படத்தில் பெட் மிட்லர் பாடினார். 1991இல் மைக்கேல் போல்டன் பாடி மீண்டும் முதலிடத்துக்குக் கொண்டுபோனார், கிராமியும் வாங்கினார். அந்தப் பதிவில் எல்லாம் துல்லியம், சுருதி சுத்தம். குரலில் வலிமை உண்டு, தோல்விதான் இல்லை.

ஸ்லெட்ஜுக்கு இந்த முதல் வெற்றிக்குப் பின் ‘டேக் டைம் டு நோ ஹர்’ போன்ற சில வெற்றிகள் கிடைத்தன. 2005இல் ராக் அண்ட் ரோல் புகழ் மன்றத்தில் இடமும் கிடைத்தது. 2015இல் பேட்டன் ரூஜில் காலமானார். ஆனால் போல்டனுக்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1987இல், லீவைஸ் ஜீன்ஸ் விளம்பரம் ஒன்று பழைய தட்டை மறுபடி எடுத்தது. இருபத்தோரு வயதான அந்த நாடா, விலகிய சுருதியோடு, பிரிட்டனில் இரண்டாம் இடம்வரை ஏறியது. அதற்கு மேலே நின்றது பென் ஈ. கிங்கின் ‘ஸ்டாண்ட் பை மீ’. அதையும் ஏற்றிவிட்டது லீவைஸ் விளம்பரம்தான்.