கேட்கும் முகங்கள்

திரையில் சிதார் ஒலிக்கிறது, சிதாரைக் காணோம். தூங்கி வழிகிறவர்கள், முகத்தில் வண்ணம் பூசிக்கொண்டவர்கள், கண்ணை மூடிக் கிடப்பவர்கள் என்று கேமரா கூட்டத்துக்குள் சாவகாசமாக அலைகிறது. கிடாரைத் தலைகீழாகப் பிடித்து உலகை மிரட்டிய ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் அந்தக் கூட்டத்தில் ஒரு ரசிகராக உட்கார்ந்திருக்கிறார். சில நிமிடங்கள் கழித்துத்தான் ரவிசங்கரின் விரல்களும், தாளமிடும் பாதமும், அல்லா ரக்காவின் தபேலாவும் கண்ணில் படுகின்றன. காலம் ஏறிக்கொண்டே போகிறது. கடைசியில் கூட்டம் மொத்தமும் எழுந்து ஆர்ப்பரிக்கிறது. டி.ஏ. பென்னிபேக்கரின் ‘மான்டரே பாப்’ (1968) அங்கேயே முடிந்துவிடுகிறது.

படத்தின் நீளம் 80 நிமிடத்துக்கும் சற்றுக் குறைவு. அதில் ஏறக்குறைய 18 நிமிடம் இந்த ஒரு கச்சேரிக்கு. கலிபோர்னியாவின் மான்டரேயில் 1967 ஜூன் 16 முதல் 18 வரை நடந்த விழாவில் ரவிசங்கர் வாசித்தது ஞாயிறு பிற்பகலில், மூன்று மணி நேரத்துக்கும் மேல். அன்று இரவுதான் ‘தி ஹூ’ குழு கிடாரை உடைத்தது. ஹெண்ட்ரிக்ஸ் தன் கிடாருக்குத் தீ வைத்தார். நாட்காட்டியை நம்பியிருந்தால் படம் நெருப்பில்தான் முடிந்திருக்க வேண்டும். பென்னிபேக்கர் நெருப்பை முன்னால் நகர்த்திவிட்டு சிதாரைக் கடைசியில் வைத்தார். வாத்தியத்தைத் தொட்டுக் கும்பிட்டு எடுக்கும் மரபில் வந்த ரவிசங்கர், கிடார் எரிந்ததைக் கண்டு மனம் நொந்ததைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். படத்தின் வரிசை அவர் பக்கம் நிற்பதாகவே எனக்குப் படுகிறது.

இசைவிழாப் படங்களை வரிசையாகப் பார்த்துவரும்போது எனக்கு உறுதிப்பட்டது இது: பாடுகிறவரைப் படம் பிடிக்க யாராலும் முடியும், கேட்கிறவரைப் பிடிக்கத் தெரிந்தவர் எடுத்த படமே நிற்கிறது. அதே மான்டரேயில் ஜானிஸ் ஜோப்ளின் தொண்டை கிழியப் பாடி முடிக்கும் இடத்தில், கூட்டத்தில் இருக்கும் மாமா காஸின் முகம் வருகிறது. அவரும் அந்த விழாவில் பாட வந்த பெரிய பாடகிதான். அவர் உதடுகள் ஓசையில்லாமல் ‘வாவ்’ என்கின்றன. ஒரு வித்வான் இன்னொரு வித்வானின் கச்சேரியில் தன்னை மறந்து ‘ஆஹா’ போடுவதைப் பார்த்தவர்களுக்கு அந்த முகத்தின் மதிப்பு புரியும்.

இதற்குக் கருவியும் ஒரு காரணம். தோளில் சுமந்தபடி ஒலியோடு இணைத்துப் படம் பிடிக்கும் 16 மி.மீ. கேமரா அந்தப் பத்தாண்டில்தான் பக்குவப்பட்டது. 400 அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம்தான் ஓடும். எந்தப் பாட்டுக்கு ரீலைச் செலவழிப்பது, எந்த இடத்தில் மாற்றுவது என்று முடிவெடுக்க ஒளிப்பதிவாளருக்குக் கண்ணோடு காதும் வேண்டியிருந்தது. மான்டரேயில் கேமரா பிடித்த ரிச்சர்ட் லீகாக்கும் ஆல்பர்ட் மேய்சில்ஸும் தாமே தேர்ந்த ஆவணப்பட இயக்குநர்கள். இன்று இருபது கேமராக்கள் விடிய விடிய ஓடலாம். ஆனால் அவற்றுக்குப் பின்னால் யாராவது பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று பல படங்களில் சந்தேகமாக இருக்கிறது.

இந்த வகைக்கு முன்னோடி பெர்ட் ஸ்டெர்னின் ‘ஜாஸ் ஆன் எ சம்மர்ஸ் டே’. 1958 நியூபோர்ட் ஜாஸ் விழாவைப் பற்றியது. ஸ்டெர்ன் புகைப்படக்காரர். ஜாஸ் என்றாலே சிகரெட் புகையும் இருட்டறையும் கறுப்பு வெள்ளையும் என்றிருந்த நாளில், கடலோர வெயிலையும் ஐஸ்கிரீம் தின்னும் முகங்களையும் முழு வண்ணத்தில் எடுத்தார். இறகு வைத்த அகலத் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக அனிட்டா ஓ’டே பிற்பகல் வெளிச்சத்தில் பாடும் காட்சி ஒன்றுக்காகவே படத்தைப் பார்க்கலாம். ஆனால் தெலோனியஸ் மங்க் பியானோ வாசிக்கும்போது கேமரா பாய்மரப் படகுகளைப் பார்க்கப் போய்விடுகிறது. படகோட்டத்தின் வர்ணனை வேறு இசைமேல் ஏறி உட்காருகிறது. அந்த ஆண்டு அங்கே வாசித்த மைல்ஸ் டேவிஸும் டியூக் எலிங்டனும் படத்தில் கிடையாது. ஸ்டெர்னின் கண் அபாரம். காது அந்த அளவுக்கு இல்லை. நள்ளிரவுக்குப் பின் மஹாலியா ஜாக்சன் பாட வரும்போதுதான் படகுகள் ஓய்கின்றன, படமும் சும்மா இருந்து கேட்கிறது.

‘உட்ஸ்டாக்’ (1970) இன்னொரு அளவு. 1969 ஆகஸ்டில் ஒரு பால்பண்ணை நிலத்தில் நான்கு லட்சம் பேர் கூடியதாகச் சொல்லப்படும் விழா. மைக்கேல் வாட்லி இயக்கிய மூன்று மணி நேரப் படம். தெல்மா ஸ்கூன்மேக்கரும் மார்ட்டின் ஸ்கோர்செசியும் படத்தொகுப்பில் இருந்தார்கள். திரையைப் பிளந்து ஒரு பாதியில் மேடையையும் மறு பாதியில் கூட்டத்தையும் ஓடவிட்டது வெறும் அலங்காரமாக முடிந்திருக்கக்கூடியது. இங்கே அது பாடகருக்கும் ரசிகருக்கும் சம இடம் கொடுத்தது. ஆனால் என் மனத்தில் தங்கியவர் பாடகரும் இல்லை, ரசிகரும் இல்லை: கழிப்பறை சுத்தம் செய்யும் ஊழியர் ஒருவர். தன் பிள்ளை ஒருவன் இந்தக் கூட்டத்தில் இருப்பதையும் இன்னொருவன் வியட்நாம் போரில் இருப்பதையும் வேலைக்கு நடுவே சொல்லிவிட்டுப் போகிறார். அந்தத் தலைமுறையைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எந்தப் பாட்டும் அந்த மேடையில் சொல்லவில்லை. அவரோ தன்னை இப்படிக் காட்டியதற்காகப் படத்தயாரிப்பாளர்கள்மேல் பின்னர் வழக்குப் போட்டார். முகங்களைத் தேடிப் போகும் கேமராவின் கணக்கில் இந்தக் கடனும் உண்டு.

உட்ஸ்டாக் விழா நடந்த அதே 1969இல், டிசம்பர் 6 அன்று ஆல்டமான்ட் பந்தயத் திடலில் ரோலிங் ஸ்டோன்ஸ் இலவசக் கச்சேரி நடத்தியது. மேடைக் காவலுக்கு நின்றது ஒரு மோட்டார் சைக்கிள் கும்பல். மேடைக்கு முன்னால் மெரிடித் ஹன்டர் என்ற 18 வயது இளைஞர் குத்திக் கொல்லப்பட்டார். மேய்சில்ஸ் சகோதரர்களும் ஷார்லட் ஸ்வெரினும் எடுத்த ‘கிம்மி ஷெல்டர்’ அந்தக் காட்சியைப் படத்தொகுப்பு மேசையில் வைத்து மிக் ஜாகருக்குப் போட்டுக் காட்டுகிறது. பாடகர் இப்போது பார்வையாளர். அந்த முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை; படம் நமக்காகப் படித்துச் சொல்லவும் இல்லை.

1972இல் லாஸ் ஏஞ்சலஸ் விளையாட்டரங்கில் ஒரு டாலர் டிக்கெட்டில் நடந்த கச்சேரி ‘வாட்ஸ்டாக்ஸ்’. மெல் ஸ்டுவர்ட்டின் படம் பாதி நேரம் அரங்குக்கு வெளியே கறுப்பின மக்களின் பேச்சில் திரிகிறது. உள்ளே, மைதானத்தில் இறங்கிவிட்ட கூட்டத்தை ரூஃபஸ் தாமஸ் இளஞ்சிவப்பு அரைக்கால் சட்டையோடு கேலி பேசியே இருக்கைக்குத் திருப்பி அனுப்புகிறார். எந்தப் போலீஸாலும் முடியாத காரியம்.

இந்த வரிசையில் கடைசியாக வந்தது ‘சம்மர் ஆஃப் சோல்’. 1969 கோடையில் நியூயார்க்கின் ஹார்லெமில் ஒரு பூங்காவில் நடந்த விழா. விளக்குக்குப் பணமில்லாததால் மாலை வெயில் விழும்படி மேடையை மேற்குப் பார்த்துக் கட்டினார்கள். படத்தின் நிறத்துக்கு அந்த ஏழ்மைதான் காரணம். இங்கும் மஹாலியா ஜாக்சன் வருகிறார், உடல் தளர்ந்தவராக. இளைய பாடகி மேவிஸ் ஸ்டேபிள்ஸைத் தொடங்கச் சொல்லி, பிறகு தானும் சேர்ந்துகொள்கிறார். இயக்குநர் குவெஸ்ட்லவ் தாமே டிரம்ஸ் கலைஞர். ஆனாலும் பாட்டுகளின் மேல் பேட்டிக் குரல்களை நிறையவே ஓடவிட்டார். நிரவலுக்கு நடுவே நேரலை வர்ணனையாளர் புகுந்தால் நமக்கு வரும் எரிச்சல்தான் அப்போதும் வருகிறது. ஒன்றுக்காக அதை மன்னிக்கலாம். சிறுவனாக அந்தப் பூங்காவில் இருந்த ஒருவரை உட்காரவைத்து, பழைய காட்சிகளைப் போட்டுக் காட்டுகிறார்கள். தன் நினைவு பொய்யில்லை என்று கண்டு அவர் கலங்குகிறார்.

ஏறக்குறைய 40 மணி நேரம் ஓடும் அந்த ஒளிநாடாக்களில் பெரும்பகுதி, வாங்குவாரில்லாமல் வீட்டு நிலவறையில் கிடந்தது. அவற்றைப் பதிவு செய்த ஹால் டல்ச்சின் 2017இல் காலமானார். படம் வெளிவந்தது 2021இல்.