இரண்டாவது லைன் எப்போது காப்பாற்றும்?

99 சதவீத நேரம் வேலை செய்யும் இணைப்பு என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஆண்டுக்கு 87 மணி நேரத்துக்கு மேல் படுத்துக் கிடக்கும். அதே தரத்தில் இன்னொரு இணைப்பைச் சேர்த்தால், இரண்டும் ஒரே சமயத்தில் படுக்கும் நேரம் ஆண்டுக்கு ஏறத்தாழ 53 நிமிடமாகச் சுருங்கிவிடும். நெட்வொர்க் துறையில் பேக்கப் லைன், ஸ்டான்ட்பை ரவுட்டர் என்று செலவழிப்பதற்கெல்லாம் இந்தக் கணக்குதான் அடிப்படை. கணக்கில் பிழையில்லை. ஒன்று விழுவதற்கும் மற்றது விழுவதற்கும் சம்பந்தமே இருக்கக் கூடாது என்பது அதன் நிபந்தனை. நடைமுறையில் அடிபடுவது அதுதான்.

நம் ஊர் அலுவலகங்களில் இரண்டு கம்பெனிகளிடம் லைன் வாங்குகிறார்கள். பில் இரண்டு, ரவுட்டர் இரண்டு. தெருமுனையிலிருந்து கட்டடம் வரை இரண்டு ஃபைபரும் ஒரே கம்பத்திலோ ஒரே பள்ளத்திலோ வருகின்றன. ஜேசிபி ஒருமுறை தோண்டினால் இரண்டும் போய்விடும். பெரிய அளவிலும் இதே கதைதான். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்ட்ரியா அருகே சீ-மீ-வீ 4, ஃபிளாக் என்ற இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. உரிமையாளர்கள் வேறு, கேபிள்கள் வேறு, கடந்துசென்ற கடற்பகுதி ஒன்று. இந்தியாவின் மேற்குத் திசை இணைப்பு ஒரே நாளில் பெரிதும் முடங்கியது. சிங்கப்பூர்ப் பக்கமாகச் சுற்றிப்போக வழி வைத்திருந்தவர்கள் சமாளித்தார்கள். இரண்டாவது லைன் வாங்கும்போது வேகத்தையும் விலையையும் கேட்பதற்கு முன், அது எந்தத் தெரு வழியாக வருகிறது என்று கேட்க வேண்டும்.

கட்டடத்துக்குள் நடப்பதில் நியாயமாகப் பாராட்ட வேண்டியவை உண்டு. 1998-இல் வெளியான விஆர்ஆர்பி நெறிமுறையை எடுத்துக்கொள்வோம். இரண்டு ரவுட்டர்கள் ஒரே ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்ளும். பொறுப்பில் இருப்பது நொடிக்கொரு முறை ‘நான் இருக்கிறேன்’ என்று அறிவிக்கும். தொடர்ந்து மூன்று அறிவிப்புகள் வராவிட்டால் மற்றது அந்த முகவரியை எடுத்துக்கொள்ளும். எல்லாம் நான்கு நொடிக்குள் முடியும். வீடியோ கால் உறைந்து மீளும், அவ்வளவுதான். பயனர்களின் கணினியில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. இத்தனை எளிய ஏற்பாடு இத்தனை காலம் நிலைத்திருப்பது அதன் தகுதிக்குச் சான்று.

ஆனால் அதன் காது உள்பக்கம் மட்டுமே கேட்கும். வெளிலைன் அறுந்து, உள்போர்ட் நன்றாக இருந்தால், ரவுட்டர் தன் அறிவிப்பை நிறுத்தாது. அலுவலகத்தின் போக்குவரத்து முழுவதும் அதற்குள் போய் மடியும். ஸ்டான்ட்பை பக்கத்திலேயே சும்மா நிற்கும். வெளிலைனையும் கவனித்து, அது அறுந்தால் தன் முன்னுரிமையைக் குறைத்துப் பொறுப்பை விட்டுக்கொடுக்கும்படி தனியாக அமைக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

தேவையில்லாதபோது மாறிவிடும் எதிர்த்திசைப் பிழையும் உண்டு: எந்தக் கருவியும் சாகவில்லை, நடுவில் பேச்சு மட்டும் அறுந்திருக்கிறது. 2018 அக்டோபர் 21 அன்று, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில், பழுதான 100ஜி ஒளியிழைக் கருவியை மாற்றும் வழக்கமான பணியின்போது அமெரிக்கக் கிழக்குக்கரைத் தரவு மையத்தின் தொடர்பு 43 நொடி அறுந்தது. தானியங்கி ஃபெயில்ஓவர் மென்பொருள் மேற்குக்கரை டேட்டாபேஸ்களைத் தலைமைக்கு உயர்த்திவிட்டது. தொடர்பு திரும்பியபோது கிழக்கில் எழுதப்பட்டிருந்த சில மேற்கில் இல்லை, மேற்கில் புதிதாக எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. பயனர் தரவை இழக்கக் கூடாது என்று பொறியாளர்கள் முடிவெடுத்தார்கள். சரியான முடிவு. ஆனால் சேவை முழுமையாகச் சீராக 24 மணி 11 நிமிடம் பிடித்தது. பேசாமல் காத்திருந்தால் 43 நொடியோடு முடிந்திருக்கும். ரவுட்டர் மாறினால் திரும்ப மாற்றிக்கொள்ளலாம். அதனிடம் சேமித்த எதுவும் இல்லை. டேட்டாபேஸ் அப்படியல்ல. இரண்டுக்கும் ஒரே அவசரத்தைப் பொருத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. தொலைதூரத் தரவு மையத்துக்குத் தலைமையை மாற்றும் முன் ஒரு மனிதர் பார்த்துச் சம்மதிக்கட்டும். கிட்ஹப்பும் பின்னர் பிராந்திய எல்லை தாண்டித் தானாகத் தலைமை மாறுவதை நிறுத்தியது.

2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் நடந்தது இன்னும் கூர்மையான பாடம். பராமரிப்பின்போது இட்ட ஒரு கட்டளை அதன் முதுகெலும்பு நெட்வொர்க்கைத் துண்டித்தது. தரவு மையத்தை எட்ட முடியாத டிஎன்எஸ் சர்வர் (தளப் பெயருக்கு ஐபி முகவரி சொல்வது) தன்னை நோயாளியாகக் கருதி இணையத்திலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்பது விதி. ஒரு சர்வருக்கு அது நல்ல விதி. அன்று எல்லா சர்வர்களும் ஒரே நேரத்தில் அதைக் கடைப்பிடித்தன. ஏறத்தாழ ஆறு மணி நேரம் சேவை இல்லை. எத்தனை பிரதிகள் வைத்தாலும் அவற்றை ஒரே கட்டளை ஆள்கிறதென்றால், அந்தக் கட்டளைக்குப் பிரதி கிடையாது.

சும்மா கிடக்கும் பேக்கப் லைனைவிட, இரண்டிலும் எப்போதும் லோடு ஓடுவதே மேல் என்பது என் கருத்து. பழுது வந்தால் அன்றைக்கே தெரிந்துவிடும். அதிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. தொடக்கத்தில் ஒவ்வொன்றும் 40 சதவீதத்தில் ஓடும். ஆட்கள் கூடக்கூட 70 ஆகும். எதுவும் மெதுவாகாததால் யாருக்கும் உறைக்காது. ஒன்று அறும் நாளில் மற்றதன் தலையில் 140 சதவீதம் விழும். மாதாந்திர அறிக்கையில் இரண்டு லைன்களின் உச்ச லோடையும் கூட்டி ஒரே எண்ணாகப் போடச் சொல்லுங்கள். அது 100-ஐத் தாண்டியிருந்தால், அந்த அலுவலகத்தில் பேக்கப் இல்லை.