பெரிய படநூல்கள்: எடையும் மதிப்பும்

பெரிய புகைப்பட நூலுக்கு மதிப்புரை எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு வரியில் முடித்துவிடுகிறார்கள்: படங்கள் கண்ணைப் பறிக்கின்றன, அச்சு அருமை. விலையைப் பார்த்து வந்த மரியாதை அது. நாவலையோ கவிதைத் தொகுப்பையோ இப்படி விட்டுவிட மாட்டோம். தமிழ்நாட்டைப் படமெடுத்த பெரிய நூல்கள் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேலாக வந்துகொண்டிருந்தும், அவற்றை எடைபோட நமக்கென்று ஓர் அளவுகோல் உருவாகவில்லை. நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல் இதுதான்: வெள்ளாற்றங்கரையில், திட்டக்குடியில் இருக்கும் ஒரு வாசகர், படத்தில் உள்ள இடத்துக்குப் பஸ் ஏறிப் போய்விடக் கூடியவர், அந்தப் புத்தகத்தில் தனக்குத் தெரியாத எதையாவது பார்ப்பாரா?

தொடக்கமே பிரமாதமானது. மதராஸ் மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லின்னேயஸ் டிரைப், 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் படங்களைத் தொகுப்புகளாக வெளியிட்டார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளை அவர் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுப்படிகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அந்த நீளத்துக்குக் காரணம் உண்டு. கோயிலைச் சுற்றி நடந்து வாசிக்க வேண்டியதை அதே நடையில் வாசிக்க வைக்கிறது. ஆனால் இதை ஒரு புத்தகத்துக்குள் கொண்டுவரும் வடிவமைப்பாளருக்குத் தலைவலி. சுருக்கினால் எழுத்து மறையும். பக்கம் பக்கமாக வெட்டினால் ஓட்டம் அறும். இரு பக்கங்களுக்கு விரித்தால் நடுமடிப்பு சில எழுத்துகளை விழுங்கும். டிரைப்பின் படங்களை மறுபதிப்பாகப் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான். இன்னொன்றும் உண்டு. அன்றைய காகித நெகட்டிவிலிருந்து எடுத்த அச்சுப்படியில் வானம் வெறும் வெளுப்பாகவே விழும். டிரைப் பல நெகட்டிவ்களில் மேகங்களைத் தன் கையாலேயே தீட்டினார். பதிப்பாசிரியர் இதைச் சொல்லவில்லை என்றால் வாசகர் தஞ்சாவூர் வானத்தைப் பார்த்ததாக நினைத்துக்கொள்வார்.

சிதம்பரத்துக்கு வருவோம். கோபுர வாயிலின் இருபுறமும் கரணங்கள் எனும் நடன நிலைகளின் சிற்பங்கள் அடுக்கடுக்காக ஏறுகின்றன. ஒவ்வொன்றும் சிறியது, வாயிலுக்குள் வெளிச்சமும் குறைவு. 1936இல் சென்னையில் வெளியான ‘தாண்டவ லட்சணம்’ இந்தச் சிற்பங்களின் படங்களைக் கரணங்களின் வரிசையில் நாட்டிய சாத்திர விளக்கத்தோடு சேர்த்தது. இன்றைய கண்ணுக்கு அந்த அச்சு மங்கல்தான். இருந்தாலும் நடனம் பயில்பவருக்கு அது பயன்படும். அழகான பத்துக் கரணங்களை மட்டும் பொறுக்கி முழுப்பக்கத்துக்கு ஊதிப் பெருக்கும் நூல் பயன்படாது. 1974இல் தில்லி தேசிய அருங்காட்சியகம் வெளியிட்ட சி. சிவராமமூர்த்தியின் நடராஜர் நூல் உண்மையிலேயே பெரிய புத்தகம். அதில் படம் எழுத்துக்குச் சாட்சி. எழுத்தில் வரும் வாதத்துக்கு வேண்டிய இடத்தில்தான் படம் நிற்கிறது. 2004இல் மார்க் பதிப்பகம் வெளியிட்ட, விவேக் நந்தாவும் ஜார்ஜ் மிச்செலும் தொகுத்த சிதம்பரம் நூல் வேறு வகை, பலர் எழுதிய கட்டுரைகளோடு படங்கள் சேர்ந்து வருவது. இரண்டில் எனக்கு எது வேண்டும் என்றால், தயங்காமல் சிவராமமூர்த்தி என்பேன். பக்கத்தை நிரப்புவதற்காக அதில் எதுவும் வைக்கப்படவில்லை.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்த கருங்கல்லை, மாலை வெயில் பட்ட தங்கமாக மாற்றாத பெரிய கோயில் நூல் அபூர்வம். இது கம்ப்யூட்டரில் நடக்கிற வேலை. அதே நூல்கள், புதுப் பெயிண்ட் பூசிய பச்சை, மஞ்சள் கோபுரங்களைப் பார்த்தால் கேமராவைத் திருப்பிக்கொள்ளும்.

திட்டக்குடிக்குப் பக்கத்தில் பெண்ணாடம் இருக்கிறது. பிரளயகாலேசுவரர் கோயில் விமானம் தூங்கானை மாடம். படுத்திருக்கும் யானையின் முதுகைப் போலப் பின்பக்கம் வளைந்தது. முன்னால் நின்று எடுத்த படம், அது எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், இந்தக் கோயிலைப் பற்றி ஒன்றுமே சொல்லாது. பின்புறம் போய், வளைவு தெரிய, பக்கவாட்டில் எடுக்க வேண்டும். அதோடு ஒரு தரைப்படமும் வேண்டும். உள்ளடக்கத்தை மதிப்பிடுவது என்றால் இதுதான்: படமெடுத்தவர் பின்பக்கம் போனாரா? சோழர் கோயில் நூல்கள் தஞ்சாவூர், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் என்ற பழகிய தடத்தில் ஓடுவதால், நான் புரட்டியவற்றில் வெள்ளாற்றங்கரைக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரு வரிதான்.

கோயிலை விட்டு வெளியே வந்தால், எனக்குப் பிடித்த உதாரணம் காட்டுயிர்ப் புகைப்படக்காரர் மா. கிருஷ்ணன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர், தமிழிலும் எழுதினார், பல பாகங்களை இணைத்துத் தானே உருவாக்கிய கேமராவுக்குச் ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களும் எழுத்தும் 2006இல் பெரிய நூலாக வந்தன. ஒரு யானையைப் பார்த்துவிட்டு, அருகிலேயே அதைப் பற்றி அவர் எழுதியதைப் படிக்கலாம். படத்துக்கும் எழுத்துக்கும் ஒரே கண். ஒருவரின் பெயரை நூலே காப்பதும் உண்டு: இலங்கைப் புகைப்படக்காரர் லயனல் வென்ட் 1944இல் இறந்த பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டன. 1950இல் லண்டனில் வந்த நூல்தான் அவரைப் பலரிடம் கொண்டுசேர்த்தது. பெரிதாக இருந்தால்தான் கனம் என்பதும் இல்லை. தயானிதா சிங்கின் ‘மியூசியம் பவன்’ ஒரு பெட்டிக்குள் அடங்கும் ஒன்பது சின்ன மடிப்புப் புத்தகங்கள். 2017இல் பாரிஸில் ஆண்டின் சிறந்த புகைப்பட நூல் பரிசு அதற்குத்தான்.

வாங்குகிறவர் கடையிலேயே செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. புத்தகத்தின் நடுப்பகுதியை மேசையில் விரித்துப் பாருங்கள். தையல் பைண்டிங் என்றால் படிந்து கிடக்கும். வெறும் பசை என்றால் திமிறும், சில வருடத்தில் பக்கம் கழன்றும் வரும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிழலுக்குள் ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள். ஒற்றைக் கறுப்பு மையில் அடித்தது பல சமயம் கரி அப்பியது போலிருக்கும். பிறகு படக்குறிப்பு. ஊர், ஆண்டு, எடுத்தவர் பெயர் மூன்றும் படத்தின் அருகிலேயே இருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் குவித்துவைப்பது அழகுணர்ச்சி என்று சொல்வார்கள்; எனக்கு அது சோம்பேறித்தனமாகவே படுகிறது. படத்தில் நிற்கும் குருக்களோ நாற்று நடும் பெண்ணோ பெயரின்றி ‘கிராமத்துப் பெண்’ ஆகிவிடுவதும் இந்த இடத்தில்தான்.

பதிப்பாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் ஊர்ப் படநூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் மட்டுமே வருகின்றன. முழு மொழிபெயர்ப்பு முடியாது என்றால், படக்குறிப்புகளையாவது தமிழில் சேருங்கள். அச்சில் ஒரு ஃபாரம் கூடும், அவ்வளவுதான். திட்டக்குடிக்காரர் தன் பக்கத்து ஊரின் பெயரை அதில் படித்துப் பார்த்து, தவறு இருந்தால் உங்களுக்குக் கடிதம் எழுதுவார்.