அச்சு முனை

பெங்களூரு எஸ்.ஜே.பி. ரோட்டுக் கருவிக் கடைகளில், எதை எடுத்தாலும் முனையை விரலால் தடவிப் பார்ப்பவர்களை எனக்குப் பிடிக்கும். தோலில் பூவேலை செய்யும் அச்சை அப்படித்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். முகத்தில் பிசிறு கூடாது. ஓரம் கூராக இருந்தால் அழுந்தாமல் வெட்டிவிடும்.

மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலை ஈரப்படுத்தி, பழைய நிறம் திரும்பத் தொடங்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு கருங்கல் பலகைமேல் வைத்து, அச்சின் தலையில் மரச்சுத்தியால் ஒரு தட்டு. ‘டொக்’கென்று கெட்டியான சத்தம். அழுந்திய இடம் கருத்து, பக்கத்திலிருக்கும் இதழ் புடைத்து நிற்கிற அழகே தனி! கோடு கீறும் சுழல்கத்தியைத் தோல்வாரில் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தீட்டிய கத்தி வளைவுகளில் வழுக்கிப் போகும், மழுங்கியது இழுத்துப் பிடிக்கும். நல்ல கைவினைஞர் அதைக் கண்ணால் பார்ப்பதில்லை, மணிக்கட்டிலேயே தெரிந்துகொள்கிறார்.