கோவூரும் பேய்க் கதைகளும்

இலங்கையில் மூடநம்பிக்கையை எதிர்த்துப் போராடியோருள் முன்னிற்பவர், தாவரவியல் ஆசிரியரான ஆபிரகாம் கோவூர் (1898–1978). அவரை நாமும் போற்றுகிறோம். ஆயினும், அவருடைய எழுத்துக்களை விஞ்ஞானமென்று மாணவர்க்கு வாசித்துக் காட்டும் ஆசிரியர்கள் சற்றே நிதானிக்க வேண்டும்.

1963இல் அவர் ஒரு சவால் விடுத்தார். உறையிலிட்டு மூடிய பணநோட்டின் இலக்கத்தைச் சொல்வது போன்ற அற்புதமொன்றை, ஏமாற்றுக்கு இடமில்லாத நிலையிற் செய்துகாட்டுவோருக்கு ஓர் இலட்சம் ரூபா! முடிவு எப்பக்கமும் சாயலாம். கோவூரே தோற்கவும் கூடும். பரிசோதனை என்பது இதுதான்.

அவருடைய பேய் வழக்குகளோ வேறு வகையின. கல் விழும் வீடு, பேய் பிடித்த பெண், மனோவசியம், இரகசியம் வெளிப்படல், சுகம். கதை என்னவோ சுவையானதுதான். ஆனால், மனோவசியமின்றியே அப்பெண் தேறியிருப்பாளா? ஒப்பிட்டுப் பார்க்க, சிகிச்சை பெறாத பிறிதொரு குழு அங்கில்லை. மேலும், மனோவசியத்தில் வெளிப்படும் நினைவு, கேட்பவரின் கேள்வியாலேயே உருவாகக்கூடும் என்பதைப் பிற்கால உளவியல் ஆய்வுகள் காட்டியுள்ளன.

மாங்கேணியில் நூல் கட்டும் மந்திரவாதியும் குணமடைந்தோரையே சாட்சிக்கு அழைக்கிறார். குணமடையாதோர் எத்தனை பேர் என்று அவரிடம் கேட்கத் துணியும் நம் மாணவர், அதே கேள்வியைக் கோவூரின் நூலை நோக்கியும் கேட்கட்டுமே!